ராஜ்மாவின் புரதமும் பெப்டைடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராஜ்மா சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும், பிரஷர் இறங்கும், தொப்பை கரையும், புற்றுநோய் வராது என்று சுற்றி வரும் செய்திகளில் உண்மை கலந்திருக்கிறது. எந்தப் பகுதி மனிதர்களிடம் நிரூபணமானது, எந்தப் பகுதி சோதனைக் குழாயோடு நின்றுவிட்டது என்று பிரித்துச் சொல்பவர்கள்தான் குறைவு. அந்தப் பிரிப்பு தெரியாமல் பச்சை விதையை அரைத்துக் குடித்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடியவர்களும் உண்டு. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

எந்த பீன்ஸைப் பற்றிப் பேசுகிறோம்? மொச்சை, காராமணி எல்லாம் இதில் சேருமா?

சேராது. இங்கே பேசுவது ஃபேசியோலஸ் வல்காரிஸ் என்ற ஒரே செடியின் விதையைப் பற்றி. கடையில் ராஜ்மா என்று வாங்கும் சிவப்பு விதை, வரி போட்ட சித்ரா ராஜ்மா, வெள்ளை ராஜ்மா, மெக்சிகோவிலும் பிரேசிலிலும் தினமும் பானையில் வேகும் கறுப்பு பீன்ஸ், தக்காளிச் சாற்றோடு டின்னில் வரும் சின்ன வெள்ளை பீன்ஸ் எல்லாம் இதே இனம். பொரியலுக்கு நறுக்கும் பச்சை பீன்ஸும், இலங்கையில் போஞ்சி என்று சொல்வதும் இதே செடியின் முற்றாத காய்தான். மெக்சிகோ பக்கம் ஒரு முறையும் ஆண்டிஸ் மலைப்பகுதியில் இன்னொரு முறையுமாக, இரண்டு இடங்களில் தனித்தனியாக மனிதர்கள் இதைப் பயிராக்கினார்கள். கொலம்பஸின் பயணத்துக்குப் பிறகுதான் மற்றக் கண்டங்களுக்கு வந்தது.

மொச்சையும் அவரையும் வேறு பேரினம். காராமணியும் பாசிப்பயறும் உளுந்தும் இன்னொரு பேரினம். டபுள் பீன்ஸ் நெருங்கிய உறவு, ஆனாலும் வேறு இனம். சோயா இன்னும் தூரம். சோயாவில் செய்த ஆய்வை எடுத்து ராஜ்மாவின் பெயரில் ஒட்டிப் பரப்புவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. இனி எதையாவது படிக்கும்போது, ஆய்வு எந்த விதையில் நடந்தது என்று முதலில் பாருங்கள்.

இதில் எவ்வளவு புரதம் இருக்கிறது?

காய்ந்த விதையில் எடைக்கு 20 முதல் 25 சதவீதம். வேகும்போது தண்ணீரை இழுத்துக்கொள்வதால், வெந்த ராஜ்மா 100 கிராமில் சுமார் 8.7 கிராம் வரும். ஒரு கப் வெந்த ராஜ்மாவுக்கு ஏறத்தாழ 15 கிராம். கூடவே 100 கிராமுக்கு 6, 7 கிராம் நார்ச்சத்தும் கிடைக்கும்.

அந்தப் புரதத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருப்பது ஃபேசியோலின். விதை முளைக்கும்போது செடிக்குத் தேவையான அமினோ அமிலங்களைச் சேர்த்து வைக்கும் சேமிப்புப் புரதம் அது. பச்சை நிலையில் நம் செரிமான நொதிகளுக்கு எளிதில் மசியாது. வெந்த பிறகு அதன் இறுக்கம் தளர்ந்து செரிக்கத் தொடங்கும். மீதியில் சிறிய பங்காக, ஆனால் பெரிய வேலைக்காரர்களாக இருப்பவை மூன்று: செல்களில் ஒட்டிக்கொள்ளும் லெக்டின்கள், மாவுச்சத்தை உடைக்கும் நொதியை முடக்கும் ஆல்ஃபா அமைலேஸ் தடுப்பான், புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின் வகை நொதிகளைத் தடுக்கும் சிறு புரதங்கள். வண்டும் விலங்கும் விதையைத் தின்றுவிடாமல் இருக்கச் செடி வைத்திருக்கும் காவல் இவை. உணவியலில் 'உயிர்ச் செயல்பாடுள்ள புரதம்' என்று எழுதப்படுவது பெரும்பாலும் இந்தக் காவல் கூட்டத்தைத்தான். நல்லது, கெட்டது இரண்டு பேச்சும் இவற்றிலிருந்தே கிளம்புகின்றன.

பெப்டைடு என்றால் என்ன? புரதம்தானே அதுவும்?

புரதத்தின் துண்டு. அமினோ அமிலங்களை நெருக்கமாகத் தொடுத்த நீண்ட பூச்சரம் புரதம் என்றால், அதிலிருந்து இரண்டு, மூன்று, பத்து, இருபது பூக்களாக நறுக்கிய துண்டுகள் பெப்டைடுகள். நறுக்கும் வேலையை வயிற்றில் பெப்சினும் சிறுகுடலில் கணைய நொதிகளும் செய்கின்றன. ஆய்வகத்திலும் ஆலையிலும் இதையே பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதிகளை வைத்துச் செய்வார்கள். முளைகட்டும்போதும் புளிக்க வைக்கும்போதும் ஓரளவு நடக்கும்.

முழுப் புரதமாக இருக்கும்போது எந்த வேலையும் செய்யாத ஒரு பகுதி, துண்டாக வெளியே வந்ததும் உடலின் ஏதோ ஒரு நொதியில் போய்ப் பொருந்தி அதன் வேகத்தைக் குறைக்கலாம். ஃபேசியோலினுக்குள் இப்படிப்பட்ட துண்டுகள் ஏராளம் என்பதுதான் ஆய்வாளர்களின் ஆர்வத்துக்குக் காரணம். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்திலும் மெக்சிகோவின் கெரேத்தரோ பல்கலைக்கழகத்திலும் இந்த வேலை பல ஆண்டுகளாக நடந்து வருகிறது.

இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்கிறார்களே, எப்படி?

நம் உடலில் ஏசிஇ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு நொதி இருக்கிறது. இரத்தக் குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் இரண்டு என்ற பொருளை உண்டாக்குவது அது. அதைத் தடுத்தால் குழாய் தளர்ந்து அழுத்தம் இறங்கும். எனலாபிரில், ராமிபிரில் மாத்திரைகள் செய்வது இதைத்தான். இந்த மருந்துக் குடும்பத்துக்கே ஒரு பெப்டைடுதான் வழிகாட்டி. 1965-இல் பிரேசிலைச் சேர்ந்த செர்ஜியோ ஃபெரெய்ரா, அந்நாட்டின் ஜராராக்கா என்ற விரியன் பாம்பின் விஷத்தில் இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய பெப்டைடுகளைக் கண்டார். அந்தத் தடத்தில் போய்த்தான் கேப்டோபிரில் உருவாகி 1981-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பீன்ஸ் புரதத்தை நொதியால் நறுக்கினால் கிடைக்கும் பெப்டைடுகள் சிலவும் சோதனைக் குழாயில் ஏசிஇ-யைத் தடுக்கின்றன. இது பல ஆய்வகங்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. ஆனால் வீரியத்தில் மலைக்கும் மடுவுக்குமான தூரம். கேப்டோபிரில் நானோமோலார் அளவில் செய்யும் வேலைக்கு, உணவுப் பெப்டைடுகள் மைக்ரோமோலார் அளவில் வேண்டும். அதாவது ஆயிரம் மடங்கோ அதற்கு மேலோ. போதாததற்கு, குடலில் அவை மேலும் நறுக்கப்படும். இரண்டு மூன்று அமினோ அமிலம் கொண்ட குட்டித் துண்டுகளுக்குத்தான் குடல் சுவரில் நுழையத் தனி வாசல் உண்டு. நீளமான துண்டுகளில் மிகச் சிறு பங்கே முழுசாக இரத்தத்துக்குப் போகும்.

ஆகவே பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு ராஜ்மாவுக்கு மாறுவது தவறு. மாத்திரையோடு ராஜ்மாவும் சாப்பிடுவது நல்லது. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு உண்மையிலேயே பயன் உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் நான் மிகுந்த நம்பிக்கையோடு சொல்லும் பதில் இதுதான்.

முதலில் ஆய்வகப் பக்கம். கறுப்பு பீன்ஸ் புரதத்திலிருந்து வரும் பெப்டைடுகள் டிபிபி-4 என்ற நொதியைத் தடுப்பதைக் காட்டியிருக்கிறார்கள். சாப்பிட்டதும் இன்சுலினைத் தூண்டிவிடும் குடல் ஹார்மோன்களைச் சீக்கிரமே அழித்துவிடும் நொதி அது. வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், சிட்டாகிளிப்டின் மாத்திரைகளின் குறியும் அதே நொதிதான். எலிகளில் சர்க்கரை ஏற்றம் குறைந்ததையும் பார்த்திருக்கிறார்கள். இதுவரை சொன்னது குழாயும் எலியும்.

மனிதர்கள் பக்கம் வந்தால், ஓர் உணவு இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்ற அளவீட்டை 1981-இல் அறிமுகப்படுத்திய டொராண்டோ ஆய்வாளர் டேவிட் ஜென்கின்ஸின் குழு 2012-இல் ஒரு முடிவை வெளியிட்டது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 121 பேர், மூன்று மாதம். ஒரு பிரிவினர் தினமும் ஒரு கப் வெந்த பருப்பு, பயறு, பீன்ஸ் வகைகள் சாப்பிட்டார்கள். இன்னொரு பிரிவினர் முழுக் கோதுமை உணவால் நார்ச்சத்தைக் கூட்டிக்கொண்டார்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி முதல் பிரிவில் 0.5 புள்ளியும் இரண்டாவதில் 0.3 புள்ளியும் இறங்கியது. பயறு சாப்பிட்டவர்களுக்கு இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணும் 4.5 அளவு குறைந்தது.

பெரிய மாயம் இல்லை, ஆனால் நிஜம். மருந்தோடு சேர்த்துச் சாப்பாட்டில் இவ்வளவு கிடைப்பது சின்ன விஷயமும் இல்லை. இதில் பெப்டைடின் பங்கு எவ்வளவு, நாரின் பங்கு எவ்வளவு, மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்து எடுத்துவிட முடியாது. விதைக்குள் இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன; தட்டிலும் அப்படியே வருகின்றன.

வெள்ளை ராஜ்மா சாறு மாத்திரை சாப்பிட்டால் சோறு உடம்பில் ஒட்டாதாமே?

இந்தக் கதைக்கு எண்பது வயது. 1945-இல் டொனால்ட் பௌமன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர், சின்ன வெள்ளை பீன்ஸில் அமைலேஸைத் தடுக்கும் பொருள் இருப்பதை அறிவித்தார். உமிழ்நீரிலும் கணைய நீரிலும் இருந்து மாவுச்சத்தை உடைக்கும் நொதி அமைலேஸ். அது முடங்கினால் மாவுச்சத்து செரிக்காமல் வெளியே போய்விடும், எடை ஏறாது என்று கணக்குப் போட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் 'ஸ்டார்ச் பிளாக்கர்' என்ற பெயரில் அமெரிக்கா முழுவதும் மாத்திரை கொடிகட்டிப் பறந்தது. 1982-இல் டல்லஸ் நகரத்தின் பேய்லர் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், மாவுச்சத்து நிறைந்த சாப்பாட்டோடு மாத்திரையைக் கொடுத்து, செரிக்காமல் வெளியேறிய கலோரியை அளந்தார்கள். மாத்திரை எடுத்ததற்கும் எடுக்காததற்கும் வித்தியாசமே இல்லை. தேவைக்கு மிக அதிகமாகவே அமைலேஸைச் சுரக்கிறது நம் கணையம்; கொஞ்சம் முடங்கினாலும் அதற்குக் கவலை இல்லை. அதே ஆண்டில் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விற்பனையை நிறுத்தச் சொன்னது.

அதன் பிறகு மேலும் சுத்திகரித்த சாறுகள் வந்தன. இப்போது இணையக் கடைகளில் விற்பவை இவைதான். சில சோதனைகளில் சிறிய எடைக் குறைவு தெரிந்தது. 2011-இல் அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், எடைக் குறைவில் நம்பத் தகுந்த வேறுபாடு இல்லை, சோதனைகளின் தரமும் போதாது என்றார்கள். பிறகு வந்த சில தொகுப்புகள் சற்றுச் சாதகமாக எழுதின. என் கருத்து: அந்தப் பணத்துக்கு ராஜ்மாவையே வாங்கிச் சமைக்கலாம்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஜப்பானில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2006 மே மாதம் அங்கே ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி, வெள்ளை பீன்ஸை வாணலியில் மூன்று நிமிடம் வறுத்து, பொடித்து, சோற்றில் தூவிச் சாப்பிட்டால் எடை குறையும் என்று காட்டியது. அதிகம் சூடாக்கினால் அமைலேஸ் தடுப்பான் செத்துவிடும் என்பதால் இந்த அரைகுறை வறுவல். பார்த்தவர்கள் செய்தார்கள். நூற்றுக்கணக்கானோருக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் உண்டு. தடுப்பானைக் காப்பாற்றப் போய், பக்கத்திலேயே இருந்த லெக்டினையும் உயிரோடு விட்டுவிட்டார்கள். இந்த இரண்டு புரதங்களும் ஒரே குடும்பம். செடியின் மரபணுவிலும் அருகருகே உட்கார்ந்திருப்பவை.

அந்த லெக்டின் அவ்வளவு விஷமா?

பச்சையாக இருந்தால் ஆம். இதன் பெயர் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின். சிவப்பு அணுக்களை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும் திறனை வைத்து இதை அளக்கிறார்கள். பச்சைச் சிவப்பு ராஜ்மாவில் 20,000 முதல் 70,000 அலகு. நன்றாக வெந்ததில் 200 முதல் 400 அலகு. வெள்ளை வகைகளில் குறைவு, ஆனாலும் ஜப்பான் நிகழ்ச்சி காட்டியபடி ஆளைச் சாய்க்கப் போதும். நாலைந்து பச்சை விதையே உபாதை தரலாம். சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் குமட்டல், பிறகு வாந்தி, பிறகு வயிற்றுப்போக்கு. பெரும்பாலும் சில மணி நேரத்தில் தானாகத் தணிந்துவிடும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் நீரிழப்புதான் பயம்.

1988-இல் பிரிட்டனின் ஒரு மருத்துவமனை, ஊழியர் உணவகத்தில் 'ஆரோக்கிய உணவு நாள்' கொண்டாடி ராஜ்மா பரிமாறியது. சரியாக வேகவில்லை. பிற்பகலில் அறுவை அரங்கிலேயே ஒரு மருத்துவர் வாந்தி எடுத்தார். அடுத்த சில மணி நேரத்தில் இன்னும் பத்துப் பேர்.

இதே லெக்டினுக்கு மருத்துவ வரலாற்றில் மரியாதையான இடமும் இருக்கிறது. 1960-இல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், இரத்தத்திலிருந்து சிவப்பு அணுக்களைப் பிரித்தெடுக்க இதைப் பயன்படுத்தியபோது, மிஞ்சிய வெள்ளை அணுக்கள் பிளந்து பெருகத் தொடங்கியதைக் கவனித்தார். பிளக்கும் செல்லில்தான் குரோமோசோமைத் தெளிவாகப் பார்க்க முடியும். அதுவரை சிரமமாக இருந்த குரோமோசோம் பரிசோதனை, ஒரு குழாய் இரத்தத்தில் செய்யக்கூடியதாயிற்று. இன்றும் குரோமோசோம் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்கும்போது, ஆய்வகத்தில் அந்த அணுக்களைப் பெருக்க வைப்பது பெரும்பாலும் பீன்ஸ் விதையின் இந்தப் புரதம்தான். பயனுள்ள புரதம் என்பதற்காக அதைத் தின்றாக வேண்டும் என்பதில்லை.

சரி, எப்படிச் சமைத்தால் பயமில்லை? எத்தனை விசில்?

குறைந்தது 5 மணி நேரம், வசதிப்பட்டால் இரவு முழுவதும் ஊறவையுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். திறந்த பாத்திரம் என்றால் தளதளவென்று கொதி வந்த பிறகு 30 நிமிடத்துக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும். உண்மையில் மெத்தென்று ஆக அதைவிட நேரம் ஆகும். குக்கரில் ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 முதல் 20 நிமிடம். விசில் எண்ணிக்கையை நான் நம்புவதில்லை. குக்கருக்குக் குக்கர், அடுப்புக்கு அடுப்பு மாறும். ஒரு விதையை எடுத்து விரலால் அழுத்தினால் நடுவில் கட்டி இல்லாமல் மசிய வேண்டும். நாலைந்து விதைகளைப் பார்ப்பது இன்னும் நல்லது, பழைய விதை ஒன்றிரண்டு வேகாமல் நிற்கும்.

கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியது, குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வைக்கும் மின்சார ஸ்லோ குக்கர். உள்ளே 75, 80 டிகிரிதான் எட்டும். அந்தச் சூட்டில் லெக்டின் அழியாது. அரைவேக்காட்டில் அதன் செயல் பச்சையைவிடப் பல மடங்கு கூடக்கூடும் என்றே எச்சரிக்கிறார்கள். முதலில் தனியாகக் கொதிக்க வைத்துவிட்டுப் பிறகு அதில் போடலாம்.

ஊட்டியிலோ நுவரெலியாவிலோ இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் கொதிப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. குக்கரே சரி.

இப்படிக் கொதிக்க வைத்தால் நல்ல புரதங்களும் அழிந்துவிடாதா?

அமைலேஸ் தடுப்பான் அழிந்துவிடும். லெக்டின் அழிந்துவிடும். டிரிப்சின் தடுப்பான்களில் பெரும்பகுதி போய்விடும். இவற்றை நம்பி ராஜ்மா சாப்பிடுபவர்களுக்கு இது இழப்பாகத் தோன்றும்.

ஆனால் பெப்டைடு விஷயத்தில் நடப்பது நேர் எதிர். சூடு, புரதத்தின் மடிப்பைத்தான் குலைக்கிறது. அமினோ அமிலங்களின் வரிசையை அல்ல. பெப்டைடின் குணம் அந்த வரிசையில் இருக்கிறது. மடிப்பு குலைந்த ஃபேசியோலினுக்குள்தான் செரிமான நொதி நுழைய முடிகிறது. நுழைந்து நறுக்கினால்தான் பெப்டைடே பிறக்கும். பச்சை விதையில் அந்தத் துண்டுகள் பூட்டிக் கிடக்கின்றன. இதைப் புரிந்துகொண்டால், 'சத்து போகாமல் இருக்கப் பச்சையாக' என்ற அறிவுரை ராஜ்மாவுக்கு ஏன் துளியும் பொருந்தாது என்பது விளங்கும். சர்க்கரையிலும் கொழுப்பிலும் மனிதர்களிடம் பயன் காட்டிய ஆய்வுகள் எல்லாம் வெந்த பீன்ஸில் நடந்தவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

புற்றுநோயைத் தடுக்குமா?

கெரேத்தரோ ஆய்வாளர்கள், வெந்த பீன்ஸில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும் பகுதியிலிருந்து ஐந்தாறு அமினோ அமிலம் கொண்ட சில பெப்டைடுகளைப் பிரித்தெடுத்து, பெருங்குடல் புற்று செல்களின் வளர்ச்சியை அவை குறைப்பதை 2014 வாக்கில் காட்டினார்கள். செரிக்காத பகுதியை எடுத்தது புத்திசாலித்தனம். இரத்தத்துக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லாமல், நோய் வரும் இடத்துக்கே நேராகப் போகிற பகுதி அது. இருந்தாலும் தட்டில் வளர்த்த செல்லுக்கும் மனிதக் குடலுக்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது.

மனிதர்களிடம் கிடைத்தவை இரண்டு சொல்லலாம். குடலில் கட்டி அகற்றப்பட்டவர்களைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், காய்ந்த பீன்ஸ் வகைகளை அதிகம் கூட்டிக்கொண்டவர்களுக்கு முற்றிய நிலைக் கட்டி திரும்ப வருவது குறைவாக இருந்தது. 2023-இல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையம், உடல் பருமனும் குடல் கட்டி அல்லது புற்று வரலாறும் உள்ள 48 பேருக்கு எட்டு வாரம் தினமும் ஒரு கப் வெள்ளை பீன்ஸ் கொடுத்துப் பார்த்ததில், குடலின் நல்ல பாக்டீரியா வகைகள் பெருகின. பீன்ஸை நிறுத்தியதும் அந்த மாற்றம் சீக்கிரமே மறைந்துவிட்டது. சிகிச்சையில் இருப்பவர்கள் இதை மருந்தாக எண்ணிவிடக் கூடாது. புற்று சிகிச்சையின் நடுவே நாரை எவ்வளவு சேர்ப்பது என்பதையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கொழுப்பு, மாரடைப்பு?

2014-இல் கனடாவில் 26 சோதனைகளைத் தொகுத்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். தினமும் சராசரி 130 கிராம் வெந்த பயறு வகைகள் சாப்பிட்டதில் கெட்ட கொழுப்பான எல்.டி.எல். ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்தது. முக்கால் கப் அளவுதான் அது.

அரிசிச் சோற்றோடு சாப்பிடலாமா, சப்பாத்திக்குத்தானே பொருத்தம்?

சோற்றோடு சாப்பிடும் ஒரு நாட்டையே ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். கோஸ்டா ரிக்காவில் காலை உணவே சோறும் கறுப்பு பீன்ஸும் கலந்த 'காயோ பின்டோ'தான். 2005-இல் அங்கே வந்த ஆய்வில், தினமும் மூன்றில் ஒரு கப் பீன்ஸ் சாப்பிட்டவர்களுக்கு மாதத்துக்கு ஒருமுறைகூடச் சாப்பிடாதவர்களைவிட மாரடைப்பு 38 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. 2011-இல் இன்னும் கூர்மையான கேள்வியைக் கேட்டார்கள்: சோற்றுக்கும் பீன்ஸுக்கும் உள்ள விகிதம் முக்கியமா? முக்கியம் என்றே பதில் வந்தது. ஒரு பங்கு வெள்ளைச் சோற்றுக்குப் பதில் ஒரு பங்கு பீன்ஸ் என்று மாற்றினால், பெருத்த இடுப்பு, உயர் அழுத்தம், உயர் சர்க்கரை ஆகியவை கூட்டாக வரும் வளர்சிதைக் கோளாறின் வாய்ப்பு 35 சதவீதம் குறைவதாகக் கணக்கு காட்டியது. இவை மக்களின் பழக்கத்தைப் பார்த்துச் சொன்ன தொடர்புகள். காரணத்தை நூற்றுக்கு நூறு நிரூபிப்பவை அல்ல. என்றாலும் மூன்று வேளையும் அரிசி உண்ணும் நமக்கு இதைவிட நெருக்கமான பாடம் வேறு நாட்டிலிருந்து வராது. சோற்றைக் குறைக்காமல் அதன் மேல் ராஜ்மாவைக் கூட்டுவதில் பலன் பாதிதான்.

புரதக் கணக்கிலும் இந்தக் கூட்டு சரியானது. பீன்ஸில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, லைசின் என்ற இன்னொன்று அதிகம். அரிசியில் லைசின் குறைவு, மெத்தியோனின் போதுமான அளவு. நம்முடைய சாம்பார் சாதமும் இட்லியும் காலங்காலமாகச் செய்வது இதையே, வேறு பருப்பை வைத்து.

முளைகட்டிய ராஜ்மாவைப் பச்சையாகச் சாப்பிடலாமா?

கூடாது. பாசிப்பயறு முளையை அப்படியே சாப்பிடும் பழக்கத்தில் இதையும் செய்கிறார்கள். முளைக்கும்போது சேமிப்புப் புரதம் கொஞ்சம் உடையும், லெக்டின் ஓரளவு குறையும். ஆனால் பாதுகாப்பான அளவுக்கு இறங்கிவிடும் என்று நம்ப முடியாது. முளைகட்டினாலும் வேகவைத்தே தீர வேண்டும்.

பச்சை பீன்ஸ் பொரியலிலும் இதெல்லாம் கிடைக்குமா?

விதை முற்றாத காய் என்பதால் 100 கிராமில் புரதம் 2 கிராமுக்கும் குறைவு. நல்ல காய்கறிதான், ஆனால் இந்தக் கேள்விகளில் பேசும் பயன்களை அதிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம்.

பெப்டைடு பவுடர் வாங்கிக் குடிக்கலாமா?

பீன்ஸ் பெப்டைடுகளில் பெரும்பாலான வேலை குழாயிலும் செல்லிலும் எலியிலும் நடந்திருக்கிறது. எந்தத் துண்டு, எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு என்ற நான்குக்கும் மனிதச் சோதனையிலிருந்து உறுதியான பதில் வந்த பிறகு வாங்கலாம். அந்த ஆய்வுகள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஆய்வாளர்கள் எழுதாத வாக்குறுதியை டப்பாவின் மேல் அச்சடிப்பவர்கள் மீதுதான் கோபம்.

யார் யார் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரக நோய் முற்றியவர்கள் முதலில். 100 கிராம் வெந்த ராஜ்மாவில் 400 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது. டயாலிசிஸில் இருப்பவர்கள் தங்கள் உணவியலாளரைக் கேட்காமல் அளவைக் கூட்டக் கூடாது. விதையின் வடிவத்தைப் பார்த்து 'கிட்னிக்கு நல்லது' என்று சொல்பவர்களை நம்பி அம்மா அப்பாவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்சுலினோ, சர்க்கரையைத் திடீரென இறக்கக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்கள், சோற்றைக் குறைத்து பீன்ஸைக் கூட்டும் நாட்களில் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பயறு வகைகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ராஜ்மாவும் ஒவ்வாமல் போகலாம். தடிப்பு, மூச்சுத் திணறல் தெரிந்தால் மறுபடி முயற்சி வேண்டாம்.

ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்கள் பயந்துகொண்டு கேட்பது உண்டு. அவர்களுக்கு ஆபத்தானது ஃபாவா பீன்ஸ் என்ற வேறு இனம். சிவப்பு அணுக்களைச் சிதைக்கும் வைசின் என்ற பொருள் அதில் இருக்கிறது, ராஜ்மாவில் இல்லை.

வாயு தொல்லையால் வீட்டில் யாரும் தொடுவதில்லை. என்ன செய்வது?

அதற்குக் காரணம் புரதம் அல்ல. ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள். நம்மிடம் அவற்றை உடைக்க நொதி இல்லை, பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்து வாயு ஆக்குகின்றன. ஊறிய தண்ணீரைக் கொட்டினால் ஒரு பங்கு போய்விடும். கால் கப்பில் தொடங்கி, சில வாரம் விடாமல் சாப்பிட்டால் குடல் பழகிக்கொள்ளும். தொல்லை பெரும்பாலானோருக்குக் குறையும். இஞ்சி, பூண்டு, பெருங்காயம் சேர்ப்பது நம் வழக்கம், சுவைக்காகவாவது சேருங்கள்.

ஊறிய தண்ணீரைக் கொட்டினால் புரதம் போய்விடாதா?

புரத இழப்பு மிகக் குறைவு. கொஞ்சம் பி வைட்டமினும் பொட்டாசியமும் போகும். வேகவைத்த தண்ணீர் வேறு. அதைக் குழம்பிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

டின்னில் வரும் பீன்ஸ் பாதுகாப்பானதா?

டின்னுக்குள்ளேயே 115 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கிருமி நீக்கியிருப்பார்கள் என்பதால் லெக்டின் பயம் இல்லை. திறந்து அப்படியே சாப்பிடலாம். உப்புதான் அதிகம். வடிகட்டி, குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசினால் சோடியம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது. வெளிநாட்டில் தனியாக இருந்து சமைக்க நேரமில்லாத பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் போதும். எலுமிச்சையின் வைட்டமின் சி, பீன்ஸில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ளவும் உதவும்.